கோட்டையைப் பார்த்து நின்ற மோட்டார் சைக்கிள்

"எனக்குத் தெரியாது" என்பது இரண்டே சொல்தான். குழந்தைகூடச் சொல்லிவிடும். எனக்கு அதைச் சொல்ல ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நான் வாய் திறப்பதற்குள் ஊரில் மதிப்புள்ள ஒரு மனிதர், போகக்கூடாத திசையில், போகக்கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஆவடியில் ராணுவக்காரர்கள் கொட்டகை கொட்டகையாகப் போட்டு லாரிகளுக்கான உதிரிச் சாமான்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். அம்பத்தூரில் ஏர் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, பத்தாவதை இரண்டாம் தடவை எழுதித் தேறியிருந்த எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. வந்து இறங்கும் மரப்பெட்டிகளின்மேல் சீட்டு எழுதி ஒட்டுகிற வேலை. பெட்டியைத் திறக்க எனக்கு அதிகாரம் கிடையாது. 'ஃபிளைவீல் - ஆறு' என்று அழகாக எழுதி ஒட்டுவேன். ஃபிளைவீல் வட்டமா சதுரமா என்று கேட்டால் விழிப்பேன். (பசையில் எவ்வளவு மயில்துத்தம் போட்டால் கரப்பான் வராது என்று கேளுங்கள், இப்போதும் சொல்வேன்.)

என் தாய்மாமன் முருகேசன் இந்த வேலையை வேறு விதமாக வர்ணித்தார். "நம்ம வேதாசலம் ஆவடியில மோட்டார் லைன்ல கீறான்." இதைப் பொய் என்று சொல்ல முடியாது. நானும் திருத்தவில்லை. வானகரத்தில் நிலபுலத்தோடு இருந்த தணிகாசலம் என்பவர் காதுக்கு இந்தச் செய்தி போயிற்று. அவருக்குக் கனகா என்று ஒரு மகள். பூந்தமல்லியில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். என் அம்மா முன்கூட்டியே போய்ப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நான் போய்ச் சொஜ்ஜி தின்றுவிட்டுத் தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவைப் பின்னால் உட்காரவைத்து, அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. மீசைக்கு விளக்கெண்ணெய்கூடத் தடவியிருந்தேன். (மீசை என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.)

தணிகாசலம் வாசலிலேயே நின்று வரவேற்றார். வீட்டுக்குள் அழைப்பார் என்று பார்த்தால், நேராகப் பக்கத்து முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பூந்தமல்லியில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் காடுமேடெல்லாம் ஓட்டிவிட்டு, ஊருக்குப் போகும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனது. தணிகாசலம் அதில் ஏறி வரப்புமேலேயே போய் நாற்றுநடவு பார்ப்பாராம். சேறும் துருவும் சேர்ந்து, அது இரும்பா மண்ணா என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது.

"மூணு மாசமா படுத்துகினு கீது தம்பி," என்றார். "இங்க இருந்த மெக்கானிக் பட்டாளத்துல சேந்து பர்மா பக்கம் பூட்டான். போறதுக்கு முன்னாடி பாத்து, 'பொறி வரல, பொறி உண்டாவுற எடம் ஃபிளைவீலுக்குப் பின்னால கீது, அதக் கழட்டி உள்ள தொடச்சா ஓடும்'னு சொன்னான். கழட்டத்தான் ஒருத்தனாலயும் முடில. நல்ல வேளை, நீங்க மோட்டார் லைன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும், "எனக்குத் தெரியாது" என்று. வாயைத் திறந்தேன். அதே நேரம் முற்றத்துக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"பாக்கலாம்," என்றேன்.

முதல் சிக்கல், எது ஃபிளைவீல் என்பது. வண்டியில் கண்ணுக்குத் தெரிந்த சக்கரங்கள் இரண்டு. முன்சக்கரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். பின்சக்கரத்தைத் தட்டிப் பார்த்தேன். மாமா ரொம்ப மரியாதையாகப் பின்னாலேயே வந்தார். கடைசியில் தணிகாசலமே என்ஜினின் பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்த ஒரு கனமான இரும்பு வட்டைக் காலால் காட்டி, "இதான் தம்பி எமன்," என்றார்.

"ஆமா, இதான்," என்றேன்.

"அது இன்னா பேரு, ஃபிளைவீல்?"

"ஃபிளைன்னா ஈங்க. வீல்னா சக்கரம். ஈ கணக்கா சுத்தறதால அந்தப் பேரு."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "ஈச்சக்கரம்," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். என்மேல் இருந்த நம்பிக்கை இன்னும் இரண்டு படி ஏறியது எனக்கே தெரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

வட்டின் நடுவில் ஒரு பெரிய நட்டு இருந்தது. வண்டியோடு வந்த ஸ்பானரும் ஒரு சுத்தியலும் தணிகாசலம் வைத்திருந்தார். மாமா ஈரச் சாக்கைப் போட்டு ஃபிளைவீலை அசையாமல் கட்டிப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்பானரை நட்டில் மாட்டி அதன் வாலில் சுத்தியலால் அடித்தேன். நாலாவது அடியில் 'டக்' என்று நட்டு தளர்ந்தது.

இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கே ஆச்சரியம். விரலாலேயே அரைச் சுற்று, முக்கால் சுற்று திருப்பினேன். பிறகு நட்டு நின்றுவிட்டது. கழன்று வந்துகொண்டிருந்த நட்டு, கழற்றுகிற பக்கமாகவே திருப்பும்போது இறுகிக்கொண்டது.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா நட்டைப் பார்த்தார். ஒரு நட்டு ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம்கூட இல்லை, மைப்புட்டி மூடி மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இது இரண்டு பக்கமும் இறுகியது.

"வெள்ளக்காரன் நட்டுடா," என்றார் மாமா. "நம்ம பேச்சு அதுக்குப் புரியாது."

அப்போது தணிகாசலத்தின் மனைவி ராஜம்மாள் கதவிடுக்கிலிருந்து தலையை நீட்டினார். மகள் உள்ளே நின்று ஏதோ சொல்ல, அதை அவர் எங்களுக்குச் சொன்னார்.

"தம்பி, எறுகிச்சின்னா திருப்பணுமாம்."

வண்டியோடு வந்த ஆங்கிலச் சிறுபுத்தகம் ஒன்று பத்திரப் பெட்டிக்குள் கிடந்ததும், கனகா அதை முழுக்கப் படித்திருந்ததும் எனக்குத் தெரியாது. அந்த நட்டின் விசேஷமே அதுதான். முதலில் தளரும், பிறகு இறுகும். இறுகினபின் விடாமல் அதே பக்கம் மேலும் திருப்பினால், நட்டே ஃபிளைவீலை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கனகா சொல்லியனுப்பியது அதைத்தான். என் காதில் விழுந்ததோ, "இறுகினால் பழைய பக்கமே திருப்பிவிடு" என்று.

திருப்பினேன். தளர்ந்தது. நன்றாக உள்ளே போய் இறுகியது. மறுபடி சுத்தியல், மறுபடி 'டக்', மறுபடி முக்கால் சுற்று, மறுபடி இறுக்கம். மறுபடி கதவிடுக்கில் ராஜம்மாள்: "திருப்பணுமாம் தம்பி." மறுபடி பழைய பக்கம் திருப்பினேன். இப்படி எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. வெயில் சுவரிலிருந்து இறங்கி முற்றத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. உள்ளே சொஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

நடுநடுவே வேறு யோசனைகளும் செய்து பார்த்தோம். விளக்கெண்ணெய் விட்டோம். கொதிக்கிற வெந்நீரை ஊற்றினோம். (பாதி மாமாவின் காலில் போயிற்று.) தணிகாசலம் கடப்பாறையைக் கொண்டுவந்து வட்டுக்குப் பின்னால் கொடுத்து நெம்பினார். மொத்த வண்டியும் அவர்மேல் சாய்ந்தது, ஃபிளைவீல் மட்டும் அசையவில்லை. என் வேட்டியில் வெள்ளை என்று சொல்ல இடுப்பு மடிப்பு மட்டும் மிச்சம்.

கடைசியில் அது கழன்றதற்குக் காரணம் என் புத்தி அல்ல, குழப்பம். எந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. தளர்கிற பக்கமா, இறுகுகிற பக்கமா, எல்லாம் ஒன்றுதான் போலிருந்தது. ஸ்பானரை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே பக்கமாக அடி அடி என்று அடித்தேன். 'டங்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் மாமா மல்லாந்து கிடக்கிறார். மார்பில் ஃபிளைவீல், பிறந்த குழந்தை மாதிரி.

"மாப்ளே," என்றார் தணிகாசலம். அதுவரை நான் வெறும் தம்பி.

ராஜம்மாள் ஓடிவந்து குனிந்து பார்த்தார். அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து தாவிப் போய் ஃபிளைவீலில் 'சடக்'கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே காந்தம் இருப்பது யாருக்குத் தெரியும். "இன்னாங்க இது, சாவியப் புடிச்சி இழுக்குது," என்று அவர் பின்வாங்க, ஃபிளைவீலோடு மாமாவும் கொஞ்ச தூரம் நகர்ந்தார். ஒருவழியாகப் பிரித்தெடுத்தோம். நான் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து உள்ளே இருந்த எண்ணெய்ச் சகதியைத் துடைத்தேன். அது ஒன்றுதான் அன்று நான் ஒழுங்காகச் செய்த வேலை. துடைப்பதில் எனக்கு ஆவடியில் நல்ல அனுபவம்.

இனி மாட்ட வேண்டும். கையில் எடுத்து வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் உட்கார்ந்தது. இப்படித்தான் உட்கார வேண்டும் என்று சொல்கிற பள்ளமோ மேடோ எதுவும் இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவிடுக்கு திறந்தது.

"கோட்டப் பாத்து வெக்கணுமாம் தம்பி," என்றார் ராஜம்மாள்.

ஃபிளைவீலின் ஓரத்தில் ஒரு கோடு கீறியிருக்கிறது. பின்னால் என்ஜினில் ஒரு கோடு. இரண்டு கோட்டையும் சேர்த்துப் பார்த்து வைத்தால்தான் பொறி சரியான நேரத்துக்கு வரும். கனகா அதைத்தான் சொல்லியனுப்பினாள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது கோட்டை என்றால் எனக்குத் தெரிந்த கோட்டை ஒன்றுதான். பட்டணத்தில், கடற்கரை ஓரத்தில், கொடி பறக்கிற கோட்டை.

"கோட்டை எதுக்குடா?" என்றார் மாமா.

"வெள்ளக்காரன் வண்டி இல்ல மாமா? சர்க்கார் அங்கதான கீது," என்றேன். எங்கிருந்துதான் எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ.

"சரிதான்," என்றார் தணிகாசலம். "நாம வெளக்க கெழக்கப் பாத்து வெக்கல? அது மாதிரி."

மூன்று பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்கித் திருப்பி, வானகரத்திலிருந்து கோட்டை எந்தத் திசையோ அந்தத் திசைக்கு, கிழக்கே, முகம் பார்க்க நிறுத்தினோம். ஃபிளைவீலை என் இஷ்டத்துக்கு வைத்து நட்டை அடித்து இறுக்கினேன். கதவுக்குப் பின்னால் வளையல்கள் ரொம்ப வேகமாகக் குலுங்கின. எனக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்ரோல் மருந்து மாதிரி அளந்து கொடுத்த காலம். தணிகாசலம் ஒரு பாட்டிலில் பத்திரப்படுத்தி வைத்திருந்ததை ஊற்றி, மிதியில் ஓங்கி உதைத்தார். மிதி அவரைத் திருப்பி உதைத்தது. இன்னொரு உதை. படபடவென்று புகையோடு என்ஜின் உயிர் பெற்றது. மூன்று மாதமாகப் படுத்திருந்த வண்டி.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகையும் காரணமாக இருக்கலாம். தணிகாசலம் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"ரோடு வரைக்கும் ஒரு நட போய்ட்டு வந்துடறேன்," என்றார் மாமாவிடம். "வந்து குந்தி தேதி பேசிடலாம் அண்ணாத்தே."

கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டார்.

அவர் எங்களைப் பார்த்தபடியே எங்களைவிட்டுப் போனார். அதை வேறு எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. வண்டி பின்னால் போயிற்று. பொறி தப்பான நேரத்தில் விழுந்ததால் என்ஜின் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்திருந்தது. அவர் முகத்தில் முன்னால் போகிறவருடைய களை இன்னும் அப்படியே இருந்தது. முதுகு நேராக, பார்வை ரோட்டில். தான் சிறிதாகிக்கொண்டே போவது அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும், முன்னால் போக வைக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினார்.

முற்றத்துக்கு மேற்கே மாட்டுக் கொட்டகை. அதற்கு இந்தப் பக்கம் எருக்குழி. வண்டியின் பின்சக்கரம் முதலில் இறங்கியது. அவர் கடைசிவரை கைப்பிடியை விடவில்லை. புகை அடங்கினபோது தணிகாசலம் முழங்கால் அளவு சாணியில் நின்றுகொண்டிருந்தார், தலைப்பாகை கலையாமல். பக்கத்தில் கட்டியிருந்த பசு எழுந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அவர்தான் முதலில் பேசினார்.

"தம்பி," என்றார். நான் மறுபடி தம்பி ஆகிவிட்டேன். "ஆவடியில உங்க மோட்டாருங்கல்லாம் இப்டித்தான் போவுதா?"

அங்கேதான் என் நாக்கு புரண்டது. "எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "எனக்கு எதுவுமே தெரியாது. நான் மெக்கானிக் இல்ல. பொட்டிமேல சீட்டு ஒட்டறவன். ஃபிளைவீலை இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்."

தணிகாசலம் மெதுவாக மாமாவின் பக்கம் திரும்பினார். "மோட்டார் லைன்னு சொன்னியே."

"லைன்தான் அண்ணாத்தே," என்றார் மாமா. "அந்த லைன்ல கடசியில நிக்கிறான்."

சைக்கிளை எங்கே நிறுத்தினோம் என்று நான் கண்ணால் தேடிக்கொண்டிருந்தபோது, முற்றத்துக் கதவு முழுசாகத் திறந்தது. கனகா வெளியே வந்தாள். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்த்தது அப்போதுதான். கையில் காப்பித் தம்ளர் இல்லை, பழுப்பேறின ஒரு சிறுபுத்தகம் இருந்தது.

"கோடுப்பா," என்றாள் தகப்பனாரிடம். "கோடு. கோட்ட இல்ல." புத்தகத்தில் போட்டிருந்த படத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"உனக்குத் தெரியும்னா காலையிலயே சொல்றதுக்கு இன்னா?"

"காலையிலேர்ந்து சொல்லிகினுதான் கீறேன். மூணு மாசமாவும் சொன்னேன். பொம்பளப் புள்ள இரும்புல கைய வெக்கக் கூடாதுன்ன."

"நானும் அவ சொன்னத அப்டியேதான சொன்னேன்," என்றார் ராஜம்மாள். அதுவும் உண்மைதான்.

வண்டியை இழுத்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். கனகா தள்ளி நின்று புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டுங்க," என்றாள். என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

கழற்றினேன். முக்கால் சுற்றில் நட்டு நின்றது. "எறுகுது," என்றேன்.

"எறுகட்டும். திருப்புங்க."

"எந்தப் பக்கம்?"

"அதே பக்கம்."

அதே பக்கம் திருப்பினேன். ஃபிளைவீல் சாது மாதிரி கையில் வந்து உட்கார்ந்தது. காலையிலிருந்து நான் பட்ட பாட்டை நினைத்து எனக்கு அழுகை வந்தது. கோட்டோடு கோடு சேர்த்து மாட்டினோம். என்ஜின் இரண்டாவது உதையிலேயே கிளம்பியது.

தணிகாசலம் ஏறவில்லை. "நீங்க ஏறுங்க," என்றார் என்னிடம்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க," என்றேன். முதல் தடவைதான் கஷ்டம், இரண்டாம் தடவை அந்த வார்த்தை தானாகவே வந்துவிட்டது. கனகா புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் அவரே பக்கத்தில் நடந்தபடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கியரைப் போட்டு அரை அடி விட்டுப் பார்த்தார். முன்னால் போயிற்று. அப்போதும் அவர் அதை முழுசாக நம்பின மாதிரி தெரியவில்லை.

தேதி பேசவில்லை. ஆறிப்போன சொஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கிளம்பினோம். ஏரிக்கரை ஏறும்போது மாமா பின்னாலிருந்து பேசினார். "அந்த மன்சன் சாணியக் கழுவிட்டு வந்து நமக்குக் காப்பி குடுத்தான்டா," என்றார். "நல்ல குடும்பம். கைய வுட்டுப் பூட்ச்சி."

நாலாம் நாள் தணிகாசலம் அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார், மாட்டு வண்டியில். வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"சௌக்கியம்தாங்க," என்றேன்.

இரண்டடி பின்னால் போய், இன்னும் தாழ்ந்த குரலில் எதையோ கேட்டார். "அம்மா உள்ளதான் கீறாங்க," என்றேன். பாவம், சாணித் தண்ணீரில் நின்றதில் தொண்டை கட்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அம்மாவிடம் சொல்லி மிளகுப் பால் வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு, தெம்பான குரலில், "தை மாசம் வெச்சிக்கலாம்," என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் கனகாவிடம் கேட்டேன். "நான் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டது உனக்குப் புடிச்சிருந்ததா?"

"அப்பா என்னைக் கேட்டாரு," என்றாள். "ரெண்டு சேதி சொல்லி அனுப்பினேன், ரெண்டும் வெளங்கல. ஒருக்கா போய் அவருக்குக் காது கேக்குதான்னு பாத்துட்டு வா, மத்ததெல்லாம் நான் சொல்லித் தந்துக்கறேன்னேன்."

என் மாமனார் அதன் பிறகு நிறைய வருஷம் இருந்தார். அந்த வண்டியையும் நிறைய வருஷம் ஓட்டினார். ஆனால் வானகரத்துக்காரர்கள் அவர் முன்னால் போன எந்தப் பயணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பெயரே ஊரில் மாறிப்போனது. அவர் போன பிறகு வீடு எங்களுக்கு வந்தது, பெயரும் வீட்டோடு வந்தது. போன மாதம் எங்கள் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழி தெரியாமல் மெயின் ரோட்டு டீக்கடையில் விசாரித்திருக்கிறார்கள். கடைக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் மாமனாரை அவர் பார்த்ததே இல்லை.

"பின்னாடி போனவர் ஊடா?" என்றாராம். "நேராப் போங்க."